ரசியாக்காவின் முன்னூறாவது தட்டு

அன்று செவ்வாய்க்கிழமை. பிள்ளையாருக்கு அருகம்புல் பறித்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் மைக் ஒரு தரம் கரகரத்து நின்றது. தொழுகை இல்லாத நேரத்தில் அந்த மைக் கரகரத்தால் யாரோ போய்விட்டார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். "மறைந்த கரீம் பாய் அவர்களின் மனைவி..." என்று ஆரம்பித்தார்கள். அதற்குமேல் என் காதில் விழவில்லை. கையிலிருந்த புல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடமாக நானும் ரசியாக்காவும் பேசிக்கொள்வதில்லை. பேச்சு விட்டவர்களுக்காக எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடித் திருவிழா மலரில் எழுதச் சொன்னபோது, இந்த லச்சுமி நம் கோயில் அம்மனின் பெருமையைத்தான் எழுதுவாள் என்று கமிட்டியார் நினைத்திருப்பார்கள். எழுதுவதாகத்தான் இருந்தேன். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளுக்கு எல்லாம் தெரியும். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவள், வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கச்சிராயபாளையம் சாலையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த ரசியாக்காவைச் சுற்றுவட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. காதுகுத்து, கல்யாணம், காரியம் எதுவானாலும் அவர் கடை அண்டாதான் நம் அடுப்பில் ஏறியது. கரீம் பாய் போனபிறகு இருபது வருடம் தனியாளாக நடத்தினார். அண்டா கேட்டுப் போனவர்களுக்கெல்லாம் அவர் முதலில் கேட்கும் கேள்வி நினைவிருக்கும். "எத்தினி பேரு?"

பேத்தி காதுகுத்துக்காகக் கரும்புக்காட்டுப் பெருமாள் அண்ணன் போயிருந்த அன்று நானும் அங்கே இருந்தேன். கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கும் பெண்களுக்கு நான்தான் பொறுப்பு என்பதால் அடிக்கடி அங்கே போவேன். அண்ணன் மூலையில் இருந்த பெரிய அண்டாவைக் காட்டினார்.

"எத்தினி பேரு?" என்றார் அக்கா.

"எரநூறு பேரு வருவாங்க."

"பத்திரிகை எத்தினி அடிச்சீங்க?"

"அது... நூத்தம்பது."

"அதுல பாதி பேரு மொய்ய குடுத்தனுப்பிட்டு வூட்லயே இருந்துக்குவாங்க. அந்தச் சின்ன அண்டாவ எடுத்துக்கினு போங்க."

"இன்னாக்கா இது? கடக்காரங்க பெருச தள்ளிவுடத்தான் பாப்பாங்க. நீங்க சின்னத தர்றீங்க!"

"பெருச எடுத்துக்கினு போனா சமையக்காரன் சும்மா இருப்பானா? கழுத்து வரைக்கும் ஆக்குனாத்தான் அவனுக்கு நிம்மதி. அப்பறம் மிச்சத்தக் கொட்ட குழி தோண்டுவீங்க. சோத்துக்குக் குழி தோண்டற ஊரு உருப்படுமா அண்ணே?"

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே சின்ன அண்டாவோடு போனார். காதுகுத்துச் சாப்பாடு பத்தவும் பத்தியது. கடைசிப் பந்திக்கு ரசம் மட்டும் கொஞ்சம் தண்ணியாக இருந்தது, அதையும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு மினி லாரியில் அண்டாக்களோடு அவரும் போனார். பாயசம் காய்ச்சும் கைத்துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். வளைவுக்கு வளைவு நான் "முருகா, முருகா" என்று சொல்ல, அவர் "அவரு ஏற்கெனவே மல மேலதான் இருக்காரு, இங்க வேற இஸ்துக்கினு வர்றியா?" என்று சிரித்தார். பெண் வீட்டுக்காரர் மறுநாள் விருந்துக்குத் தட்டும் வேண்டும் என்று கேட்டார். அக்கா தரமாட்டேன் என்றுவிட்டார்.

"இங்க தண்ணிக்கு எவ்ளோ தூரம் போறீங்க?"

"ஓடைக்குத்தாம்மா. எறங்கி ஏறணும்."

"முன்னூறு தட்டு கழுவ உங்க பொம்பளைங்க எத்தினி நட நடக்கறது? மரத்துல எல இருக்குது, தச்சிப் போடுங்க. துன்னுட்டுப் போட்டா மாடு துன்னும். எங்க இன்னா இருக்குதோ அதுல துன்னணும். மலைல எல, கீழ தட்டு."

வியாபாரத்தைக் கையால் தள்ளிவிட்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது.

தட்டு விஷயத்தில் அவர் இரண்டு காரியத்தில் கறார். ஒன்று, கழுவுவது. திரும்பி வந்த தட்டுகளைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, வெயிலில் கவிழ்த்துவிடுவார். "வூட்டுத் தட்டுல துன்னவன் யாருன்னு உனக்குத் தெரியும். வாடகைத் தட்டுல தெரியாது. அதனால வூட்டுத் தட்டவிட இது சுத்தமா இருக்கணும்" என்பார். இன்னொன்று, ஒரு கரண்டி குறைந்தாலும் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ஒரு கல்யாணத்தில் பெண் ஏறின வண்டியையே மறித்து, சீர்ச் சாமானுக்கு அடியிலிருந்து தன் கரண்டியை உருவி எடுத்தார். சம்பந்தி வீட்டார் முறைத்தபோது, "பொண்ணத்தான குடுத்தாங்க, என் கரண்டியையுமா குடுத்தாங்க?" என்று கேட்டவர் அவர்.

ஆறு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் தவறினார். பதினாறாம் நாள் காரியத்துக்குத் தட்டும் அண்டாவும் ரசியாக்காவே கொண்டுவந்து இறக்கினார். வழக்கம்போல, "எத்தினி பேரு லச்சுமி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. "சரி வுடு. நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எச்சில் தட்டு கழுவுகிற இடத்தில் போய் உட்கார்ந்தார். என் சொந்தக்காரப் பெண்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிய இடம் அது.

அதற்குப் பிறகு மகனும் மகளும் சென்னைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, முருகன் படத்துக்கு முன்னால் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ரசியாக்கா நின்றார். அவர் கண் பொங்கல் தட்டின் மேல் இருந்தது.

"தட்டு புதுசா லச்சுமி?"

"ஆமாக்கா. காரியத்துக்கு வந்தவங்க யாரோ வாங்கியாந்து வெச்சிட்டுப் போயிருக்காங்க. பளபளன்னு இருக்குது பாருங்க, ஒருத்தரும் வாய் வெக்காத தட்டு. அதான் சாமிக்குன்னு ஒதுக்கிட்டேன்."

அவர் விளக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தார். "நல்லா இருக்குது. சாமிகிட்டயே இருக்கட்டும்."

"இன்னா வேலையா வந்தீங்கக்கா?"

"வேலையா? ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

சும்மா எங்கேயும் போகிறவர் இல்லை ரசியாக்கா. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ஆள் வந்த சந்தோஷத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தேன்.

அதிலிருந்து நாலு வருடம், வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். சாமிக்குப் படைத்ததை அவர் சாப்பிடுவதில்லை. அதனால் படைக்கும் முன்பே ஒரு கிண்ணத்தில் அவருக்கென்று பொங்கல் எடுத்து மூடிவைத்துவிடுவேன். அவர் கேட்டதும் இல்லை, நான் சொல்லிக்கொண்டதும் இல்லை. அவர் சாப்பிடுவார், நான் ஊர்க்கதை பேசுவேன். "நீ பேசறதுக்கும் ஒரு சின்ன அண்டா குடுக்கணும்டி. கழுத்து வரைக்கும் பேசற" என்பார். வாரத்தில் ஆறு நாள் சுவரோடு இருந்தவளுக்கு அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அங்கே இருந்த உங்களில் பலருக்கும் இது தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கிராம சபை. அதற்கு முன் நடந்த திருவிழாவில் நாம் பளபளப்புக் காகிதத் தட்டில் சோறு போட்டோம். அதைத் தின்ற ராஜாமணி வீட்டுப் பசு வயிறு ஊதிச் செத்தது. அதனால் வட்டார அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து, இந்த வருடம் பசுமைத் திருவிழா நடத்த வேண்டும் என்று நல்ல மனதோடு எடுத்துச் சொன்னார். பாக்கு மட்டைத் தட்டு வாங்கலாம், அடுத்த வருடம் நம் மகளிர் குழுவுக்கே மிஷின் வரும், நாமே செய்து விற்கலாம், இதுதான் பசுமைப் பொருளாதாரம் என்றார். குழுவுக்கு நான்தான் தலைவி. எனக்கு அந்த மிஷின் அப்போதே கண்முன் ஓட ஆரம்பித்துவிட்டது.

ரசியாக்கா எழுந்தார்.

"பாக்கு மட்ட எங்கேர்ந்து வரும்மா?"

"ஆத்தூர் பக்கத்துலேர்ந்து வரவழைக்கலாம்மா. முழுக்க இயற்கை. மண்ணுல போட்டா மக்கிடும்."

"லாரில வந்து, மிஷின்ல அழுத்தி, பிளாஸ்டிக் கவர்ல கட்டி வந்து, ஒருவேள துன்னுட்டுத் தூக்கிப் போடறதுக்குப் பேரு பசுமையா? எங்கிட்ட முன்னூறு தட்டு கவுந்து கெடக்குது. கோயிலுக்குன்னா வாடகை வோணாம். துன்னுங்க, கழுவுங்க, அடுத்த பந்திக்குப் போடுங்க. தூக்கியே போடாம இருக்கறதவிட பெரிய பசுமை இன்னா இருக்குது?"

பின்னாலிருந்து ஒரு குரல், "பாய் வூட்டம்மாவுக்குக் கட ஓடல, அதான் பேசுது!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். வாடகை வேண்டாம் என்று சொன்ன அந்த நிமிடமே கேட்ட சிரிப்பு அது. மலையில் அவர் தட்டு தரமறுத்ததைப் பார்த்த ஒரே ஆள் நான். எழுந்து அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பு அடங்கியிருக்கும்.

எழுந்தேன். மைக்கையும் வாங்கினேன்.

"கண்டவங்க வாய் வெச்ச தட்டுல அம்மன் சோத்தப் போட முடியாது. எந்தச் சாவு வூட்ல எவன் துன்ன தட்டோ! எச்சித் தட்டு கோயில் வாசப்படி ஏறக்கூடாது. சொல்லிட்டேன்."

கை தட்டினீர்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. உட்கார்ந்தபோது ரசியாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்படியா லச்சுமி?" என்றார். அவ்வளவுதான். துப்பட்டியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கிண்ணத்தில் பொங்கல் எடுத்து மூடிவைத்தேன். அது அப்படியே ஆறிப்போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மூன்றாவது வாரம் நான் எடுத்து வைக்கவில்லை.

மட்டைத் தட்டு வந்தது, பிளாஸ்டிக் கவரில்தான் வந்தது. அழகான தட்டு, குறை சொல்ல முடியாது. திருவிழா முடிந்து கோயிலுக்குப் பின்னால் குவித்தோம். மக்குகிற சாமான்தான். மக்குவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. குவியல் அப்படியே சரிந்து வாய்க்கால் மதகில் போய் அடைத்துக்கொண்டது. கீழ்க்காட்டுக்காரர்கள் இடுப்புத் தண்ணீரில் இறங்கி அள்ளினார்கள். மிஷின் இன்றுவரை வரவில்லை. ரசியாக்கா ஒரு நாளும் "நான் அப்பவே சொன்னேனே" என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டையிலாவது பேச்சு திரும்பியிருக்கும்.

ஒரு தரம் கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் மத்தியான டவுன் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். கூட்டமே இல்லை. என்னைக் கண்டதும் கட்டைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். நான் பார்க்காத மாதிரி தாண்டிப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். இறங்கும்போது பார்த்தேன். அவர் பை மடியிலேயே இருந்தது. பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முருகனிடம் சொல்லிக்கொள்வேன். முருகனிடம் சொன்னது ரசியாக்காவுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

மவுத்து வீட்டுக்குப் போனேன். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனபிறகு பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மருமகள் ஷமீம் தண்ணீர் கொடுத்தாள். யாரும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தட்டுகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. மேலே இருந்த தட்டின் முதுகில் ஆணியால் குத்திய மூன்று புள்ளிகள். பக்கத்து அடுக்கிலும் மூன்று புள்ளிகள். அண்டாவில் கரீம் பாய் பெயர் வெட்டியிருக்கும், அது எனக்குத் தெரியும். அவர் கடைத் தட்டை நான் என்றைக்குக் கவிழ்த்துப் பார்த்தேன்?

"இது இன்னாம்மா புள்ளி?" என்று ஷமீமைக் கேட்டேன்.

"மாமி வெச்சதும்மா. முன்னூறு தட்டுக்கும் பேரு வெட்டிக்கினு இருக்க முடியுமான்னு ஒரு மத்தியானம் உக்காந்து ஆணியால குத்துனாங்க."

ஆறு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் சாம்பல் போட்டுத் தேய்க்கும்போது என் விரலில் தட்டுப்படும் மூன்று புள்ளிகள். தட்டு செய்த கம்பெனியின் அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் குளிக்காமல் சாமி இடத்தைத் தொடக்கூடாது. தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு போய் முருகனுக்கு முன்னால் இருந்த தட்டைக் கவிழ்த்தேன். மூன்று புள்ளி.

என் வீட்டுக்காரர் காரியத்தன்று, சாவு வீட்டில், யாரோ சாப்பிட்ட தட்டு. ரசியாக்கா கழுவிய தட்டு. அதில்தான் ஆறு வருடம் என் சாமி சாப்பிட்டிருக்கிறது. முருகன் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அந்த முதல் வெள்ளிக்கிழமை அவர் சும்மா வரவில்லை. ஒரு தட்டு குறைகிறது என்று தேடி வந்திருக்கிறார். கண்டும் பிடித்திருக்கிறார். கல்யாண வண்டியை மறித்துக் கரண்டி உருவியவர், என் விளக்கைப் பார்த்துவிட்டு, கேட்காமல் போயிருக்கிறார். நாலு வருடம் தன் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துதான் பொங்கல் சாப்பிட்டிருக்கிறார். கிராம சபையில் நான் எச்சில் தட்டு என்று மைக்கில் சொன்னபோது, "உன் சாமி முன்னாடி இருக்கறது எந்தத் தட்டுன்னு போய்ப் பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். சொல்லவில்லை. "அப்படியா லச்சுமி?" என்று மட்டும் கேட்டார்.

நாற்பதாம் நாள் ஓதி முடித்த பிறகு அந்தத் தட்டைத் தேய்த்துத் துடைத்து, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஷமீமிடம் போனேன். அவள் கவிழ்த்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓ, அது நீங்கதானா லச்சுமிம்மா?"

"எதும்மா?"

"எப்ப அடுக்குனாலும் எரநூத்தித் தொண்ணூத்தொம்போதுதான் இருக்கும். ஒண்ணு கொறயுதே மாமின்னா, 'அது கொறயல. நல்ல எடத்துல இருக்குது, வுடு'ன்னுவாங்க. எந்த எடம்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. இந்த ரெண்டு வருஷமும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாங்க."

தட்டை மறுபடி என் பையிலேயே வைத்துவிட்டாள். "அவங்க கேக்காதத நான் எப்படி வாங்கறது?" என்றாள். இந்த ஆடி அன்னதானத்துக்குக் கோயிலுக்குத் தட்டு கேட்டேன். "மாமி குடுத்த வாக்கு அப்படியேதான் இருக்குது. வந்து எடுத்துக்கினு போங்க" என்றாள்.

அந்தத் தட்டில் சோறு போடப் பெரியவர்கள் சிலர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். எச்சில் தட்டு என்ற சொல்லை உங்கள் காதில் போட்டவள் நான், எடுக்க வேண்டியவளும் நான். அதனால்தான் மைக்கில் சொன்னதற்கு இந்த மலரில் பதில் எழுதுகிறேன். அடுத்த கிராம சபையில் மைக்கிலும் சொல்வேன், எத்தனை பேர் சிரித்தாலும் சரி. இந்த ஆடியில் அன்னதானத்தன்று என்னைத் தேடுகிறவர்கள் அடுப்படிக்கு வரவேண்டாம். தட்டு கழுவும் இடத்தில் இருப்பேன். சாம்பல், புளி, கொதிக்கிற தண்ணீர். எப்படிக் கழுவ வேண்டும் என்று அவர் கழுவியதைப் பார்த்தவள் நான்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த ஒரு தட்டு. முருகன் முன்னால்தான் இருக்கிறது, இனி அங்கேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை படைக்கும் முன் கிண்ணத்தில் எடுத்து மூடிவைக்க மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். சாயங்காலம் உலைவைக்கப் பானையை எடுக்கும்போது இத்தனை வருடப் பழக்கத்தில் கை பெரியதுக்குத்தான் போகிறது. அப்போது பக்கத்தில் நின்று கேட்பது மாதிரியே இருக்கிறது. "எத்தினி பேரு லச்சுமி?"

அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை இப்போது தினமும் சொல்கிறேன். "நான் ஒருத்திதாங்க்கா."

சின்னப் பானையை எடுத்துக்கொள்கிறேன்.